வீட்டில் பாட்டுப் பதிய மலிவான சவுண்ட் கார்டு: எதைப் பார்த்து வாங்குவது?

நான் வாங்கிய முதல் சவுண்ட் கார்டில் கைதட்டலுக்கு ஒரு பொத்தான், சிரிப்புக்கு ஒரு பொத்தான், சுற்றிலும் வண்ண விளக்குகள். கூடவே ஒரு கண்டென்சர் மைக்கும் (வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி ஓடும் வகை) ஸ்டாண்டும் இலவசம். ஆசையாகப் பாடிப் பதிந்து கேட்டால், பாட்டுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒரே இரைச்சல். மைக்கைத்தான் திட்டினேன். ஒரு வருடம் கழித்து அதே மைக்கை நண்பரின் சவுண்ட் கார்டுப் பெட்டியில் செருகிப் பார்த்தபோது மழை நின்றுவிட்டது. அந்த மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். விளக்குப் பெட்டி கொடுத்தது சில வோல்ட்தான். பசியோடு ஒருவரைப் பாடச் சொன்ன கதை.

அதனால் இப்போது யாராவது "எந்த சவுண்ட் கார்டு நல்லது?" என்று கேட்டால், "என்ன மைக் வைத்திருக்கிறீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடுவார்கள் அல்லது வாசிப்பார்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண்களுக்கு இதில் அதிக வேலை இல்லை.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

கம்ப்யூட்டரிலேயே ஒரு சவுண்ட் கார்டு இருக்கத்தானே செய்கிறது, அது ஏன் போதாது? லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளை ஹெட்செட் மைக்குக்காகச் செய்தது. அதில் இரண்டு மூன்று வோல்ட்தான் வரும். மேடை மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்கிவிட நல்ல ப்ரீஆம்ப் அதில் கிடையாது. மதர்போர்டில் ஓடும் மற்ற மின்னோட்டங்களின் கீச்சொலியும் சேர்ந்து வரும். விளையாட்டுக்கும் படம் பார்ப்பதற்கும் விற்கும் கார்டுகளும் அப்படித்தான். அவற்றின் திறமை கேட்க வைப்பதில், பதிவதில் அல்ல. ஒரு காலத்தில் எம்-ஆடியோவின் ஆடியோஃபைல் 2496 போன்ற பிசிஐ கார்டுகளை கேபினெட்டைத் திறந்து மாட்டினோம். இன்று வீட்டுப் பதிவுக்குச் சவுண்ட் கார்டு என்றால் யுஎஸ்பி கேபிளில் வெளியே உட்காரும் சின்னப் பெட்டிதான். கடையில் "ஆடியோ இன்டர்ஃபேஸ்" என்று கேளுங்கள். சவுண்ட் கார்டு என்று கேட்டால் கைதட்டல் பொத்தானை எடுத்து நீட்டுவார்கள்.

ஒருவர் மட்டும் உட்கார்ந்து பேசப் போகிறார், கதை சொல்லவோ பாடம் நடத்தவோ மட்டும்தான் என்றால், நேராகக் கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி மைக் ஒன்றே போதும். பெட்டிக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். நாளைக்கு வீணையோ கீபோர்டோ சேரும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

படி 1: துளைகளை எண்ணுங்கள், ஆனால் ஏமாறாமல்

மலிவான பெட்டிகள் பெரும்பாலும் "2 இன்புட்" என்றே விற்கின்றன. முன்பக்கத்தில் இரண்டு துளை தெரியும். ஆனால் இரண்டிலும் மைக் போட முடியுமா என்பதுதான் கேள்வி. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யுஎம்2, யுஎம்சி22 மூன்றிலும் மைக்குக்கு ஒரே இடம்தான். இன்னொன்று கிட்டாருக்கு. மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, இடந்தலைக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைக்க நினைப்பவர் இதை வாங்கினால் வீட்டுக்கு வந்துதான் விஷயம் புரியும்.

மைக்கின் தடித்த மூன்று முள் இணைப்புக்குப் பெயர் எக்ஸ்எல்ஆர். கிட்டார், கீபோர்டுக்கான பெரிய ஜாக் 6.35 மி.மீ., நம்மூரில் கால் இன்ச் ஜாக். இரண்டையும் ஒரே துளையில் ஏற்பது காம்போ. இரண்டு காம்போ துளை, இரண்டுக்கும் தனித்தனிக் கெயின் (சிக்னலை எவ்வளவு தூக்குவது என்ற அளவு) திருகு, இரண்டிலும் மைக் ப்ரீஆம்ப்: இதுதான் வீட்டுக்குப் பொருத்தமான அமைப்பு. கீபோர்டை ஸ்டீரியோவாகப் பதிய இடதும் வலதுமாக இரண்டு லைன் இன்புட் (மைக்கை விடப் பலமான சிக்னலுக்கான துளை) வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோலோ வகைப் பெட்டியில் அது நடக்காது.

வீணை, வயலின், அக்கூஸ்டிக் கிட்டார் ஆகியவற்றில் ஒட்டும் பிக்கப்பை நேரே செருகுவதாக இருந்தால், அந்தத் துளையில் "இன்ஸ்ட்ருமென்ட்" அல்லது "ஹை-இசட்" என்ற வசதி இருக்க வேண்டும். பிக்கப்பில் பெரும்பாலும் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பியசோ வில்லைதான் இருக்கும். அது ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்ளீட்டு எதிர்ப்பு கேட்கும். லைன் இன்புட்டில் பத்தாயிரம் ஓம் போல இருக்கும், மைக் இன்புட்டில் இன்னும் குறைவு. தவறான துளையில் போட்டால் கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள் காணாமல் போய், வீணை டின் டப்பா போல ஒலிக்கும். பலர் இதைப் பிக்கப்பின் குறை என்று நினைத்து வேறு பிக்கப் வாங்கிவிடுகிறார்கள்.

நான்கு மைக், எட்டு மைக் எல்லாம் உடனே வேண்டாம். வீட்டில் பெரும்பாலும் ஒவ்வொருவராகத்தான் பதிவோம். தம்புரா செயலியை முதலில் ஒரு ட்ராக்கில், அதைக் கேட்டபடி குரல், அப்புறம் மிருதங்கம். இரண்டு இன்புட்டில் ஒரு முழுக் கச்சேரிக் குழுவையே அடுக்கிவிடலாம்.

படி 2: மைக்குக்கு ஏற்ற கெயின்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பணம் வீணாவது இங்கேதான்.

மைக் எல்லாம் ஒரே அளவு சத்தம் கொடுப்பதில்லை. ஷூர் எஸ்எம்58, கல்யாண மேடையிலிருந்து பள்ளி ஆண்டு விழா வரை எங்கும் பார்க்கும் டைனமிக் மைக், அதாவது வெளி மின்சாரம் கேட்காத வகை. அது 94 டெசிபல் சத்தத்துக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் தரும். அதே சத்தத்துக்கு ஆடியோ-டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் சுமார் 14 மில்லிவோல்ட் தரும். ஏழு மடங்கு, டெசிபலில் 17-க்கு மேல். வீடியோக்களில் எல்லோர் முகத்துக்கு முன்னாலும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பி, எஸ்எம்58-ஐ விடவும் அடங்கிய குரல்காரர். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது.

இப்போது பெட்டிப் பக்கம் வாருங்கள். நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ 57 டெசிபல் கெயின் தரும். அதே தலைமுறை 2ஐ2 தருவது 69. ஆடியன்ட் ஈவோ 4 தருவது 58. கண்டென்சர் மைக் வைத்திருப்பவருக்கு இவற்றில் எதுவுமே தாராளம். எஸ்எம்58-ஐ வாயருகே பிடித்துப் பாடினாலும் போதும். எஸ்எம்7பி வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுபவருக்கு மட்டும் 57, 58 கொஞ்சம் இழுபறி. திருகு கடைசி வரை போய்விடும். பல மலிவுப் பெட்டிகளில் அந்தக் கடைசிக் கால் திருப்பில்தான் இரைச்சல் எட்டிப் பார்க்கும். இதற்காகவே மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டும் பூஸ்டர்கள் விற்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் காசைச் சேர்த்தால் பல சமயம் நல்ல பெட்டியே வந்துவிடும்.

செலவில்லாத பூஸ்டர் ஒன்று உண்டு: மைக்கைக் கிட்டே கொண்டு வாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். ஒரு அடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12. அறையின் எதிரொலியும் அதே கணக்கில் பின்னால் போகும்.

கண்டென்சர் என்றால் 48 வோல்ட் பொத்தான் கட்டாயம். பெட்டியின் மேல் "48வி" என்று எழுதியிருப்பதோடு, தயாரிப்பாளரின் விவரத்தாளிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். மைக்குடன் எக்ஸ்எல்ஆரிலிருந்து 3.5 மி.மீ.-க்குப் போகும் கேபிள் கொடுக்கிறார்கள் என்றால் 48 வோல்ட் அந்த வழியில் வராது, மறந்துவிடுங்கள். நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளில் இணைத்த டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட்டால் தீங்கில்லை. பழைய ரிப்பன் மைக் கையில் கிடைத்தால் மட்டும் அதை அணைத்து வையுங்கள்.

படி 3: டிரைவர்

பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இங்கே நில்லுங்கள். நீங்கள் பாடுவது மைக்கில் நுழைந்து, கம்ப்யூட்டருக்குள் போய், திரும்பி உங்கள் ஹெட்ஃபோனுக்கு வர ஆகும் நேரம்தான் லேட்டன்சி. விண்டோஸின் பொது வழியில் போனால் அது கவனிக்கும் அளவுக்கு நீளும். பாடகருக்குத் தன் குரலே பின்னால் நின்று பழிப்புக் காட்டுவது போல இருக்கும். இதற்காக ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டு வந்த குறுக்குவழிதான் ஏஸியோ. பெட்டி செய்த நிறுவனமே எழுதிய ஏஸியோ டிரைவர் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் அவர்கள் தளத்தில் பாருங்கள். உங்கள் விண்டோஸ் பதிப்பு அங்கே இருக்க வேண்டும். யுஎம்2 போன்ற அடிமட்டப் பெட்டிகளுக்குத் தனி டிரைவர் இல்லை. ஏஸியோ4ஆல் என்ற பொது டிரைவரை வைத்துச் சமாளிக்க வேண்டும். சமாளிக்கலாம், சில நாள் மனசு வைத்தால் நன்றாகவே ஓடும். சில நாள் யூடியூபைத் திறந்ததும் சத்தம் போய்விடும்.

மேக்கில் கூடவே வரும் கோர் ஆடியோ இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. லினக்ஸ், ஐபேட், ஆண்ட்ராய்டு மூன்றுக்கும் "கிளாஸ் கம்ப்ளையன்ட்" என்ற சொல் விவரத்தாளில் இருந்தால் போதும், டிரைவர் இல்லாமலே பேசும். ஃபோனில் போடும்போது மின்சாரம் போதாமல் பெட்டி அணைந்து அணைந்து எரிந்தால், தனி மின்சாரம் கொடுக்கும் யுஎஸ்பி ஹப் வேண்டியிருக்கும்.

லேட்டன்சியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டு) 128 சாம்பிள், வேகம் (நொடிக்கு எத்தனை சாம்பிள் எடுக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி. போக, வர, உள்வேலை எல்லாம் சேர்த்து நல்ல டிரைவரில் பத்துக்குள் அடங்கும். ஒலி காற்றில் ஒரு நொடிக்கு 343 மீட்டர் போகும்; பத்து மில்லிநொடி என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பக்கவாத்தியக்காரரைக் கேட்பது போலத்தான். மேடையில் யாரும் அதற்குப் புகார் சொல்வதில்லை. பஃபரை 1024-க்கு ஏற்றினால் ஒரு வழிக்கே 21 மில்லிநொடி, தாளம் தள்ளாடும்.

குரல் மட்டும் பதிபவருக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். பெட்டியில் "டைரக்ட் மானிட்டர்" பொத்தான் இருந்தால், மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போகும் முன்பே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அந்தப் பொத்தான் இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்க மாட்டேன்.

படி 4: 192-ஐ விட்டுத் தள்ளுங்கள்

பெட்டியின் அட்டையில் பெரிதாக "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்" என்று இருக்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதைப் பிடிக்க 44.1 போதும், சிடி அந்த வேகத்தில்தான் ஓடுகிறது. வீடியோவோடு சேர்ப்பதாக இருந்தால் 48. ஒரு நிமிட மோனோ பதிவு 44.1-ல், 24 பிட்டில் சுமார் 8 எம்பி. 192-ல் சுமார் 35 எம்பி. டிஸ்க் நிறையும், காதுக்கு ஒன்றும் கூடாது.

24 பிட் மட்டும் நிஜமாகவே உதவும். 16 பிட்டில் சத்தத்துக்கும் அமைதிக்கும் இடையே உள்ள இடைவெளி 96 டெசிபல், 24-ல் கணக்குப்படி 144. அந்தக் கூடுதல் இடம் இருப்பதால் பயமில்லாமல் குறைந்த அளவில் பதியலாம். யுஎஸ்பி 3 என்று எழுதியிருந்தாலும் மயங்க வேண்டாம். இரண்டு சானல், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 4.6 மெகாபிட்தான். பழைய யுஎஸ்பி 2 அதைப் போல நூறு மடங்கு தாங்கும்.

படி 5: சரி, எதை வாங்குவது?

விலை மாதா மாதம் மாறுகிறது, அதனால் வரிசை மட்டும் சொல்கிறேன். கையில் இருப்பது மிகக் குறைவு, ஒரே குரல், தொடங்கிப் பார்க்க வேண்டும் என்றால் யுஎம்2. 16 பிட், தனி டிரைவர் இல்லை, ஆனாலும் 48 வோல்ட்டும் டைரக்ட் மானிட்டரும் உண்டு. இன்னும் கொஞ்சம் சேர்க்க முடிந்தால் நேரே பெரிங்கர் யுஎம்சி202எச்டிக்குத் தாவுங்கள். இரண்டு மைக், 24 பிட், சொந்த டிரைவர். கொடுக்கும் காசுக்கு இதுதான் என் தேர்வு. இதற்கும் யுஎம்2-க்கும் நடுவில் இருக்கும் யுஎம்சி22 எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஆர்டர் போடும்போது எண்ணை இரண்டு முறை பாருங்கள்.

அதற்கும் மேலே போனால் ஸ்கார்லெட் 2ஐ2, ஈவோ 4, மோட்டு எம்2. ஈவோ 4-ல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பாடினால் கெயினைத் தானே பிடித்துக்கொள்ளும். தனியாக உட்கார்ந்து பதிபவருக்கு இது பெரிய நிம்மதி. மோட்டு எம்2-ல் அளவுகாட்டித் திரை தெளிவு. நேரலையில் கம்ப்யூட்டரின் பாட்டும் குரலும் சேர்ந்து போக வேண்டுமென்றால் "லூப்பேக்" இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் இருக்கிறது, ஸ்கார்லெட்டில் நான்காம் தலைமுறை என்றால்.

பழையது வாங்குவதில் தவறில்லை. சென்னையில் ரிச்சி தெருவில் அலைந்தாலும் சரி, தெரிந்தவரிடம் வாங்கினாலும் சரி, ஒரு கண்டென்சர் மைக்கையும் லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். 48 வோல்ட் இரண்டு துளையிலும் வருகிறதா, கெயின் திருகைச் சுற்றும்போது கரகரக்கிறதா, யுஎஸ்பி துளை ஆடுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஃபயர்வயர் பெட்டிகள் ஆசை காட்டும் விலைக்கு வரும். புதிய லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை, விட்டுவிடுங்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பட்ஜெட் முழுவதையும் பெட்டியில் கொட்டினால் மைக், எக்ஸ்எல்ஆர் கேபிள், ஸ்டாண்ட், காதை மூடும் ஹெட்ஃபோன் இவற்றுக்குக் காசிருக்காது. நான் பாதிக்கு மேல் பெட்டிக்கு ஒதுக்குவதில்லை. வீட்டு அறையில் ஓடும் மின்விசிறியின் சத்தம், இந்தப் பெட்டிகள் எதன் இரைச்சலையும் விடப் பல மடங்கு பெரிது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும். மே மாதத்தில் நான் காலை ஐந்து மணிக்குப் பதிகிறேன். காக்கை எழும் முன்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

டிரைவரை முதலில் நிறுவிவிட்டு அப்புறம் பெட்டியைச் செருகுங்கள், ஹப்பில் அல்ல, லேப்டாப்பின் துளையிலேயே. பதியும் மென்பொருளுக்கு உடனே செலவு வேண்டாம்: மேக்கில் காரேஜ்பேண்ட் இலவசம், ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். விண்டோஸ் என்றால் மென்பொருளில் ஆடியோ சாதனமாக ஏஸியோவைத் தேர்ந்தெடுத்து, 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் 128 வையுங்கள். டப் டப்பென்று வெடித்தால் 256.

கெயினைப் பூஜ்யத்தில் வைத்து, பாட்டின் உச்சஸ்தாயி இடத்தைப் பாடிக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிவப்பு எரியவே கூடாது. உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக ஒட்டித் தராது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. பாட வேண்டாம். மைக்கைச் செருகி, நீங்கள் வழக்கமாகப் பாடும் கெயினில், ஒரு நிமிடம் அமைதியைப் பதிந்து, ஒலியைத் தூக்கிக் கேளுங்கள். "ம்ம்ம்" என்று தாழ்ந்த ரீங்காரம் கேட்டால் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் பெட்டி குற்றவாளி அல்ல. சார்ஜரில் அல்லது சுவர் பிளக்கில் எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை பேட்டரியில் பதியுங்கள். எர்த் முள்ளை வெட்டிவிட்டால் சத்தம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிர் விஷயம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் "ஜ்ஜ்ஜ்" என்று வந்தால், அது தரும் சதுர அலை மின்சாரம் காரணமாக இருக்கலாம். கரண்ட் வரும் வரை காத்திருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிய பிறகும், வேறு கேபிள் போட்ட பிறகும், வேறு மைக்கில் பார்த்த பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால் பெட்டியில்தான் கோளாறு. திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள். அதுவரை அட்டைப் பெட்டியையும் தெர்மகோலையும் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள்.